ஜாவ்ஜியும் யூனிகோடும் கலந்த பழைய டேட்டாபேஸ்: எதை வைத்துப் பிரிப்பது, எதை வைத்து மாற்றுவது?

தாம்வே_நிரலன்:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் வாடிக்கையாளர் பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸ், ஒரே டேபிளில் ஏறக்குறைய 62,000 வரிகள். பெயர், முகவரி, தொலைபேசி, குறிப்பு என்று நான்கு காலங்களில் (டேபிளின் செங்குத்துப் பத்திகளில்) பர்மிய எழுத்து இருக்கிறது. 2013இல் தொடங்கிய பதிவு. எந்த வரியை எந்தக் கணினியில், எந்தப் போனில் அடித்தார்கள் என்பதற்குக் குறிப்பே கிடையாது. கண்ணால் பார்த்த அளவில் பாதிக்கு மேல் ஜாவ்ஜி (பர்மியத்துக்கான பழைய எழுத்துரு முறை), மீதி யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான தரம்).

மொத்தத்தையும் மாற்றியில் போட்டால் ஏற்கெனவே யூனிகோடில் இருப்பவை உருக்குலைகின்றன. அதனால் முதலில் பிரிக்க வேண்டும். நம்பகமான லைப்ரரி எது? இரண்டு மூன்று எழுத்துப் பெயர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக் கணினியில் இணையமும் மின்சாரமும் நாள் முழுக்க இருக்காது, ஆகவே எல்லாம் ஆஃப்லைனில் ஓட வேண்டும்.

ஐராவதி_அக்கரை:

தம்பி, நம் பாமினி (பழைய தமிழ் எழுத்துரு) கோப்புகளை மாற்றிய பழக்கம் இருந்தால் அதை இங்கே அப்படியே நம்பாதீர்கள். பாமினியில் அடித்தது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் குப்பையாகத் தெரியும், உடனே பிடித்துவிடலாம். ஜாவ்ஜியோ யூனிகோடின் பர்மியப் பகுதிக்குள்ளேயே குடியிருக்கிறது. அதே எண்கள், வேறு அர்த்தம். தொந்தரவெல்லாம் இதனால்தான்.

‘மியன்மா’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் பதினாறடிமான முறையில் உள்ளவை; அவற்றில் வரும் ஏ, பி, சி, டி, ஈ என்பவை ஆங்கில A, B, C, D, E.

யூனிகோடில்: 1019, 103சி, 1014, 103ஏ, 1019, 102சி
ஜாவ்ஜியில்: 103பி, 1019, 1014, 1039, 1019, 102சி

முதல் எழுத்தைச் சுற்றி வளைக்கும் ‘ர’ குறி யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வருகிறது. ஜாவ்ஜியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முன்னால் வருகிறது. நம் ‘கெ’யில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கிறோமே, அதே கதை. இன்னொன்று, 1039 ஜாவ்ஜியில் நம் மெய்யெழுத்துப் புள்ளி மாதிரி வேலை செய்யும் குறி (அசத்). யூனிகோடில் அது அடுத்த மெய்யைக் கீழே தொங்கவிடும் கட்டளை. ஆகவே ஜாவ்ஜி வரியை யூனிகோட் எழுத்துருவில் திறந்தால் இரண்டாவது ‘ம’ போய் ‘ந’வின் காலடியில் ஒட்டிக்கொள்ளும். 2008இல் வந்த யூனிகோட் 5.1தான் அசத்துக்கும் துணைக்குறிகளுக்கும் தனி எண் கொடுத்தது. அரசு யூனிகோடுக்கு மாறும் நாளாக வைத்தது 2019 அக்டோபர் 1. உங்கள் பதிவுகள் அந்தத் தேதிக்கு இரு பக்கமும் விழுகின்றன. வரி சேர்ந்த தேதி டேபிளில் இருந்தால் அதுவும் ஒரு துப்பு, ஆனால் துப்பு மட்டும்தான். அதற்குப் பிறகும் பழைய கீபோர்டை விடாதவர்கள் ஏராளம்.

லைப்ரரி விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம்: கூகுள் திறமூலமாக விட்ட ‘மியன்மார் டூல்ஸ்’. ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, சி++, ரூபி, பிஎச்பி, கோ ஆகியவற்றுக்கு உண்டு. நோடில் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) அதன் பொதி நிறுவியான என்பிஎம் வழியாக ஒரு முறை நிறுவினால் போதும். மாடல் பொதிக்குள்ளேயே இருப்பதால் பிறகு இணையம் தேவையில்லை. இணையம் உள்ள இடத்தில் நிறுவி, நோட்-மாட்யூல்ஸ் கோப்புறையோடு பென்டிரைவில் எடுத்துப் போகலாம்.

அதில் இரண்டு வகுப்புகள். டிடெக்டர் ஒரு வரியை வாங்கிக்கொண்டு 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். 1ஐ நெருங்கினால் ஜாவ்ஜி, 0ஐ நெருங்கினால் யூனிகோட். கன்வர்ட்டர் மாற்றித் தரும். நீங்கள் தானியங்கியாக மாற்றப்போகிறீர்கள் என்பதால் 0.95க்கு மேல் போனால்தான் மாற்றுங்கள். 0.05க்குக் கீழே என்றால் யூனிகோட், தொட வேண்டாம். நடுவில் இருப்பது கையால் பார்க்க வேண்டியது.

ஒரு பொறி: வரியில் பர்மிய எழுத்தே இல்லாவிட்டால் (பெயரை ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள்) மதிப்பெண் எதிர்ம முடிவிலியாக வரும். அதை ஜேசன் வடிவத் தரவாக ஆக்கினால் சத்தமில்லாமல் ‘நல்’ (வெற்று மதிப்பு) ஆகிவிடும், எண் காலத்தில் எழுதினால் பிழை வரும். முதலிலேயே தனியாகப் பிடித்து ஒதுக்குங்கள்.

பெகு_செல்வி:

அண்ணா சொன்னது சரி. ஆனால் டிடெக்டருக்குப் போகுமுன் பைட்டுகளைப் பாருங்கள். 2013இல் எழுதிய பிஎச்பி நிரல் என்றால் டேட்டாபேஸ் கனெக்ஷன் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) ஆக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் யூடிஎஃப்-8 (யூனிகோட் எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட்டுகள் இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆகியிருக்கும்.

பைட்டுகளை அப்படியே காட்டும் மைஎஸ்கியூஎல்லின் ஹெக்ஸ் ஃபங்ஷனைப் பெயர்க் காலத்தில் போட்டு ஒரு நூறு வரி எடுங்கள். பர்மிய எழுத்து ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஈ1 80, ஈ1 81, ஈ1 82 என்றுதான் தொடங்கும். அதற்குப் பதில் சி3 ஏ1 ஈ2 82 ஏசி என்று தொடங்கினால் இரட்டைக் குறியாக்கம். அந்த வரிகளுக்கு மட்டும் மூன்று படி: காலத்தை லத்தீன்1க்கு கன்வர்ட், பைனரியாக காஸ்ட், திரும்ப யூடிஎஃப்8எம்பி4 ஆக கன்வர்ட். ஒழுங்காக இருக்கும் வரியில் இதைச் செய்தால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும், அதனால் எந்த வரிகளுக்கு மட்டும் என்று வரம்பிடும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை கட்டாயம்.

பழைய காலத்தின் மேலேயே எழுதாதீர்கள். ஒவ்வொரு காலத்துக்கும் பக்கத்தில் புதுக் காலம் ஒன்று, வரிக்கு ‘நிலை’ என்று ஒரு சிறு எண் காலம்: 0 பார்க்கவில்லை, 1 யூனிகோட், 2 மாற்றியது, 3 கையால் பார்க்க. நிலை 0 உள்ளவற்றில் ஐடி வரிசைப்படி 500 எடு, முடி, கமிட் செய், அடுத்த 500. நடுவில் கரண்ட் போனால் அந்த 500 மட்டும் பின்வாங்கும். மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேகத்துக்காக இன்னோடிபியின் (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதி) கமிட் ஃப்ளஷ் அமைப்பை 1லிருந்து 2ஆக மாற்றச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் கிடக்கும். நம் ஊர் மின்சாரத்தில் அது வேண்டாம். 62,000 வரிக்கு எப்படியும் சில நிமிடங்கள்தான்.

மோல்மீன்_வாசி:

இவ்வளவு எதற்கு? 1031 என்ற ‘ஏ’ குறி சொல்லின் முதலில் வந்தால் ஜாவ்ஜி, வராவிட்டால் யூனிகோட். ஒரே ரெஜெக்ஸ் (எழுத்து வரிசையைத் தேடும் விதி). ஹெக்ஸில் பார்த்தால் ஈ180பி1 என்று தொடங்கும் வரிகள். லைப்ரரியே வேண்டாம்.

ஐராவதி_அக்கரை:

பாதி சரி. 1031 வரியின் தொடக்கத்தில் வந்தால் அது சரியான யூனிகோட் அல்ல என்று அடித்துச் சொல்லலாம். ‘வராவிட்டால் யூனிகோட்’ என்பதுதான் தவறு. ‘ஏ’ ஒலியே இல்லாத பெயர்கள் எத்தனை! மேலே காட்டிய ‘மியன்மா’ என்ற சொல்லிலேயே 1031 கிடையாது.

இரண்டாவது முயற்சியாக எல்லோரும் எழுதும் ரெஜெக்ஸ், 1060 முதல் 1097 வரை உள்ள எண் வந்தால் ஜாவ்ஜி என்பது. அதில் வேறு ஆபத்து. ஜாவ்ஜி அந்த இடத்தை அடுக்கு மெய்களுக்கும் மாற்று வடிவங்களுக்கும் பிடித்துக்கொண்டது. யூனிகோடிலோ அது கரேன், ஷான் முதலிய மொழிகளின் எழுத்துகளுக்கு உரியது. 1075 யூனிகோடில் ஷான் ககரம். ஷான் வாடிக்கையாளர் ஒருவர் தன் மொழியில் பெயரைச் சரியாக எழுதியிருந்தால் இந்த ரெஜெக்ஸ் அதை ஜாவ்ஜி என்று நினைத்துச் சிதைத்துவிடும். ஷான் மாநிலத்தின் தௌஞ்சி, லாஷியோ பக்கத்து முகவரிகளை மதிப்பெண் எதுவானாலும் நிலை 3க்கு அனுப்பிவிடுங்கள். எண்ணிக்கை சிறிதாகத்தான் இருக்கும்.

இனி குறும்பெயர்கள். வெறும் மெய்யும் ‘ஆ’ குறியும் மட்டும் உள்ள பெயர் இரண்டு முறையிலும் ஒரே எண் வரிசைதான். அதற்கு மதிப்பெண் நடுவில் நின்றால் பயப்பட வேண்டியதில்லை. மாற்றிப் பாருங்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தால் நிலை 1, முடிந்தது. நடுவில் நிற்பவற்றில் ஒரு பங்கு இப்படியே கழன்றுவிடும்.

மீதிக்கு: பெயரைத் தனியாகக் கேட்காமல் பெயர், முகவரி, குறிப்பு மூன்றையும் இடைவெளி விட்டு ஒட்டி ஒரே வரியாக டிடெக்டரிடம் கொடுங்கள். ஒரே கை, ஒரே நேரம் அடித்தது என்றால் மூன்றும் ஒரே குறியாக்கம்தான். நீளம் கூடும்போது மதிப்பெண் ஒரு பக்கம் சாயும். குறிப்புக் காலத்தைப் பிறகு வேறொருவர் திருத்தியிருக்கலாம். அதனால் குறிப்பின் தனி மதிப்பெண்ணும் ஒட்டிய மதிப்பெண்ணும் எதிரெதிராக வந்தால் நிலை 3.

தாம்வே_நிரலன்:

நன்றி அண்ணா, நன்றி செல்வி அக்கா. ஹெக்ஸ் பார்த்தேன், இரட்டைக் குறியாக்கம் இல்லை. டெஸ்ட் நகலில் ஓட்டினேன். இரண்டு பிழைகள்: சில வரிகளில் 1406, காலத்துக்கு மிஞ்சிய நீளம் என்கிறது. புதுக் காலமும் பழையது போலவே வார்கார் 50தான் (50 எழுத்து வரை கொள்ளும்), எழுத்து எப்படிக் கூடும்? இன்னொன்று 1062, பெயர்+தொலைபேசி யூனிக் கீயில் (ஒரே மதிப்பு இரு முறை வரக்கூடாது என்ற விதியில்) மோதுகிறது. பிறகு ஒரு சந்தேகம்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் தேடலில் ஒன்றாக வருவதில்லை, இரண்டும் யூனிகோட்தான்.

பெகு_செல்வி:

1406: வார்கார் எண்ணுவது யூனிகோட் எண்களை, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல. ஜாவ்ஜியில் கீழே தொங்கும் அடுக்கு மெய் ஒரே எண். யூனிகோடில் 1039ம் மெய்யுமாக இரண்டு. மேலே ஏறும் ‘கின்ஸி’ ஜாவ்ஜியில் 1064 என்ற ஒன்று. யூனிகோடில் 1004, 103ஏ, 1039 என்று மூன்று. புதுக் காலத்தை வார்கார் 100 ஆக்குங்கள். நீளம் மிஞ்சினால் பிழை காட்டும் ஸ்டிரிக்ட் மோடை அணைத்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பிழை போய்விடும், பெயரின் வாலும் போய்விடும்.

1062: இது பிழையே இல்லை, நல்ல செய்தி. ஒரே ஆள் ஒரு முறை ஜாவ்ஜியிலும் ஒரு முறை யூனிகோடிலும் பதிவாகியிருக்கிறார், இப்போதுதான் தெரிகிறது. யூனிக் கீயைப் புதுக் காலங்களின் மேல் கடைசியாகப் போடுங்கள். அதற்கு முன் குரூப் பை செய்து எண்ணிக்கை 1க்கு மேல் உள்ளவற்றை எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பாக்கிக் கணக்கு எந்த ஐடியில் இருக்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

தேடலில் ஒன்று சேராதது: பெரும்பாலும் கீழ்ப்புள்ளியும் அசத்தும் சேரும் இடம். 1037, 103ஏ என்றும் அடிக்கலாம், 103ஏ, 1037 என்றும் அடிக்கலாம், திரையில் ஒன்றேதான். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். என்எஃப்சி என்ற யூனிகோட் ஒழுங்குமுறையில் நார்மலைஸ் செய்தால் 1037 முன்னால் வந்து ஒரே வரிசையாகிவிடும். மாற்றியவை, மாற்றாதவை, தேடல் பெட்டியில் புதிதாக அடிப்பவை, மூன்றுக்கும் என்எஃப்சி போடுங்கள். ஒன்றை விட்டாலும் பயன் இல்லை. அப்படியும் சேராவிட்டால் அகலமில்லா இடைவெளி, 200பி, பெயருக்குள் ஒளிந்திருக்கும். பெயர்க் காலத்தில் அதை நீக்கிவிடலாம். குறிப்புக் காலத்தில் விட்டுவையுங்கள், வரி உடைய அது உதவும்.

மோல்மீன்_வாசி:

சரி, ரெஜெக்ஸை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். நோட் இல்லாத கணினியில் சோதித்துப் பார்க்க உபுண்டு, டெபியனில் ஐசியூ-டெவ்டூல்ஸ் பொதியை நிறுவினால் யூகான்வ் என்ற கட்டளை வரும். -எக்ஸ் கொடியோடு ‘ஜாவ்ஜி-எம்ஒய்’ என்ற மாற்றியின் பெயரைக் கொடுத்தால் கோப்பை அப்படியே மாற்றும். உங்கள் பதிப்பில் அந்த மாற்றி இருக்கிறதா என்று பெரிய எழுத்து -எல் கொடியால் பட்டியல் எடுத்துப் பார்க்கலாம். பைதானில் பைஐசியூ வழியாகவும் அதே மாற்றி கிடைக்கும். ஆனால் இது மாற்ற மட்டும்தான், கண்டுபிடிக்காது. கலந்த கோப்பைக் கொடுத்தால் கலந்த நாசம்தான்.

தொலைபேசிக் காலத்தை யாரும் தொடவில்லையே? பர்மிய சுழியமும் (1040) ‘வ’ எழுத்தும் (101டி) பார்வைக்கு ஒரே வட்டம். ஏழும் (1047) ‘ர’வும் (101பி) அப்படித்தான். அவசரத்தில் எது விரலுக்குக் கிடைத்ததோ அதை அடித்திருப்பார்கள். தொலைபேசியில் மட்டும் 101டியை 1040 ஆகவும் 101பியை 1047 ஆகவும் மாற்றி, பிறகு 1040 முதல் 1049 வரை உள்ளவற்றை 0 முதல் 9 ஆக்குங்கள். இதை யூனிக் கீ சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டும். முகவரியில் இதே விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் தெருப் பெயர்கள் எண்ணாகிவிடும். இரு பக்கமும் இலக்கம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஐராவதி_அக்கரை:

நல்ல சேர்க்கை. நிலை 3 வரிகளைப் பார்க்க ஒரு எச்டிஎம்எல் பக்கம் போதும்: இடக் கட்டத்தில் மூல வரி ஜாவ்ஜி-ஒன் எழுத்துருவில், நடுவில் அதே வரி பியிதாங்சு அல்லது நோட்டோ சான்ஸ் மியன்மார் என்ற யூனிகோட் எழுத்துருவில், வலப்பக்கம் மாற்றியது நோட்டோவில். முதல் இரண்டில் எது ஒழுங்காகத் தெரிகிறதோ அதுதான் அதன் குறியாக்கம். பர்மியம் படிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்தால் வரிக்கு சில நொடிதான். எழுத்துருவை ஃபான்ட்-ஃபேஸ் வழியாகப் பக்கத்துக்குள்ளேயே கொடுங்கள். ஜாவ்ஜியைக் கணினியில் நிறுவிவிட்டால் உலாவி எந்தக் கட்டத்தில் எதைப் போடுகிறது என்று தெரியாமல் போகும்.

புது மென்பொருளின் சேவ் பட்டனுக்குப் பின்னாலும் டிடெக்டரை வையுங்கள். 0.95க்கு மேல் போனால் மாற்றிச் சேமித்து, மாற்றியதைத் திரையில் காட்டி ஒப்புதல் கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே டேபிளுக்கு இதே கேள்வி வரும்.

தாம்வே_நிரலன்:

வார்கார் 100, என்எஃப்சி, தொலைபேசி விதி மூன்றும் போட்டு நகலில் மறுபடி ஓட்டினேன். 1406 இல்லை. நிலை 3இல் 418 வரி, இரட்டைப் பதிவு 97. இன்று கடைக்காரரிடம் அந்த 97ஐக் கொண்டுபோகிறேன்.