முதல் முறை சைக்கிளில் போய் இரவு தங்க: உபினா, ஈஸ்ட் கோஸ்டா, நேரே தேசாருவா?

மாலைவெயில்:
வணக்கம். நானும் தங்கையும் சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். ஒரு சனிக்கிழமை சைக்கிளில் கிளம்பி எங்காவது இரவு தங்கி, ஞாயிறு மதியத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று ஆசை. என்னிடம் பின்னால் கேரியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள், அவளிடம் 20 அங்குல மடக்கு சைக்கிள். பார்க் கனெக்டரில் (பூங்காக்களை இணைக்கும் பாதை) சாங்கி வில்லேஜ் வரை போய் நாசி லெமாக் சாப்பிட்டுத் திரும்புவது பழக்கம்தான், ஆனால் மூட்டை முடிச்சோடு ஓட்டியதில்லை, கூடாரத்தில் தூங்கியதும் இல்லை. அத்தான் "போனால் தேசாரு போங்கள், இல்லையென்றால் வீட்டில் இருங்கள்" என்கிறார். அம்மா எதுவுமே வேண்டாம் என்கிறார். எங்கே போகலாம், என்ன வாங்க வேண்டும்? 200 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்தால் நல்லது.

பெங்கராங் பயணி:
என் ஓட்டு அத்தானுக்கு. சாங்கி முனைப் படகுத்துறையில் குடிநுழைவு முடித்து சைக்கிளை பம்போட்டில், அதாவது சின்ன மோட்டார் படகில், ஏற்றினால் அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர். சுங்கை ரெங்கிட்டில் கடலுணவு, அப்புறம் தேசாரு கடற்கரை, பெரிய மலையேற்றம் ஒன்றும் கிடையாது. இரவு ஹோட்டல். கூடாரம், பாய், அடுப்பு எதுவும் வேண்டாம். மாற்றுத்துணியும் கடப்பிதழும் (பாஸ்போர்ட்) தான் சுமை. முதல் பயணத்தில் சுமை குறைவாக இருக்க வேண்டும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், அடுத்த வரியிலேயே உங்களைக் கூடாரம் வாங்கச் சொல்வார்கள், பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் படுத்தால் விடிய விடியப் பக்கத்துக் கூட்டத்தின் பாட்டுதான் காதில் விழும். அதற்கு வீட்டிலேயே படுக்கலாம்.

ஈசூன் அண்ணாச்சி:
பயணி தம்பி, கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? செங்காங்கிலிருந்து சாங்கி முனைக்கே கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அக்கரையில் இறங்கி தேசாருவுக்கு இன்னும் 40க்கு மேல். ஆக ஒரு நாளைக்கு 60, மறுநாள் அதே 60, அதுவும் ஒருவர் மடக்கு சைக்கிளில். பம்போட் 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஞாயிறு மதியம் வீட்டில் இருக்க வேண்டும் என்பவர்களை அக்கரையில் ஆள் சேரக் காத்திருக்க வைக்கிறீர்கள். அக்கரையில், பெங்கராங்கில், பெட்ரோலிய வளாகம் வந்ததிலிருந்து அந்தச் சாலையில் கனரக லாரிகள் ஓடுகின்றன. பார்க் கனெக்டரில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு லாரி உரசிக்கொண்டு போகும்போது கை நடுங்கும், அது பயந்த சுபாவத்தால் அல்ல, பழக்கம் இல்லாததால்.

அமெரிக்காவில் ரிவெண்டெல் என்ற சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன் இதற்கு ஒரு பெயரே வைத்தார், எஸ்24ஓ என்று. 24 மணி நேரத்துக்குள் வீட்டு வாசலில் கிளம்பி, வெளியில் ஓர் இரவு தூங்கி, வீட்டுக்கே திரும்புவது. விடுப்பு வேண்டாம், பெரிய ஏற்பாடு வேண்டாம், ஏதாவது சொதப்பினால் எழுந்து வந்துவிடலாம். இவர்கள் கேட்பது அச்சு அசலாக அதுதான். என் பரிந்துரை ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, இல்லையென்றால் இன்னும் பக்கத்தில் பாசிர் ரிஸ்.

பெங்கராங் பயணி:
லாரி இருக்கிறது, மறுக்கவில்லை. வார இறுதியில் காலையில் சீக்கிரம் போனால் தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் "எழுந்து வந்துவிடலாம்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. வர வழி இருந்தால் வந்துவிடுவார்கள், அண்ணாச்சி. இரவு 11 மணிக்குக் கொசு கடிக்கும், முதுகு வலிக்கும், வீடு அரை மணி நேரத் தூரம், தங்கை "போயிடலாம்கா" என்பாள், அவ்வளவுதான், கூடாரம் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். தேசாருவில் அந்தப் பேச்சே எழாது. போய்த்தான் ஆக வேண்டும், போய்ச் சேர்ந்ததும் வரும் சந்தோஷம் பூங்காவில் கிடைக்காது.

பொங்கோல் அக்கா:
வழி இல்லாமல் மாட்டிக்கொள்வதைப் பயிற்சி என்று சொல்வது ஆம்பிளைப் பேச்சு. இரண்டு பெண்கள் முதல் முறை வெளியில் படுக்கப் போகிறார்கள். வர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நிம்மதியாகத் தூங்கவே முடியும். இரவு திரும்பி வந்தால்தான் என்ன, காவல்துறையா பிடிக்கப் போகிறது? அடுத்த மாதம் மறுபடி போகட்டும்.

மாலைவெயில், ஈஸ்ட் கோஸ்டில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. டி, ஜி பகுதிகளில் அதற்கென்று இடம் இருக்கிறது, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், இணையத்தில் எடுக்கலாம், கட்டணம் இல்லை. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள், பராமரிப்புக்காக மூடுவது உண்டு. கழிப்பறைக்கு நடக்கும் தூரத்தில், குடும்பங்கள் போட்டிருக்கும் கூடாரங்களுக்கு அருகில் போடுங்கள். பக்கத்தில் பாட்டுப் போடுகிறார்கள் என்று பயணி குறைப்பட்டார். எனக்கு அந்தச் சத்தம்தான் தைரியம். காதடைப்பான் இரண்டு வெள்ளி.

கடலோரக் காகம்:
உபின் தீவை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அதே சாங்கி முனை, கடப்பிதழ் வேண்டாம், ஆளுக்குச் சில வெள்ளி, சைக்கிளுக்குக் கொஞ்சம் கூடுதல், பத்து பதினைந்து நிமிடத்தில் வேறு உலகம். ஜெலுத்தோங், மாமாம், எண்டுட் செனின் என்று கூடாரம் போட இடங்கள் இருக்கின்றன. லாரியும் இல்லை, நெரிசலும் இல்லை. பயணி கேட்கிற "போய்ச் சேர்ந்தோம்" என்ற உணர்வும் கிடைக்கும், அண்ணாச்சி கேட்கிற அருகாமையும் கிடைக்கும். சைக்கிளை செக் ஜாவா சதுப்புநிலத்தின் வாசலில் நிறுத்திவிட்டு நடைபாதையில் நடக்கலாம். கெத்தாம் மலைச்சைக்கிள் தடம் பக்கம் மட்டும் மூட்டையோடு போகாதீர்கள், மடக்கு சைக்கிளோடு போகவே போகாதீர்கள்.

ஈசூன் அண்ணாச்சி:
காகம், உபின் அழகு, நானும் போகிறவன்தான், ஆனால் முதல் இரவுக்கு அல்ல. தீவுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. முகாமில் கிடைப்பதைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், இல்லையென்றால் இருவருக்கும் சேர்த்து ஏழெட்டு லிட்டர் சுமக்க வேண்டும், அதாவது ஏழெட்டு கிலோ, கூடாரத்தைவிடக் கனம். மாலையில் கடைகள் மூடிய பிறகு பசித்தால் கொண்டுபோனதுதான். காட்டுப்பன்றி சாப்பாட்டு வாசனைக்குக் கூடாரம் வரை வரும், குரங்கு பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் பறித்துக்கொண்டு ஓடும். இரவில் வயிற்றுவலி வந்தால் படகுக்கு எங்கே போவது?

கடலோரக் காகம்:
சாப்பாட்டைப் பையில் இறுக்கிக் கட்டி வைத்தால் பன்றி அதன் வழியில் போகும். ஜெட்டி அருகில் கடை இருக்கிறது, பெரிய பாட்டிலை அங்கேயே வாங்கிக்கொண்டு கடைசி ஓரிரண்டு கிலோமீட்டர் மட்டும் சுமந்தால் போதும். நீங்கள் சொல்கிற ஈஸ்ட் கோஸ்ட் வழியில் மட்டும் என்ன வாழ்கிறது? சாங்கியிலிருந்து விமான நிலையத்தை ஒட்டிய அந்த நீண்ட நேர்கோடு, நிழலே கிடையாது, கடையும் கிடையாது. மதியம் 2 மணிக்கு அதில் போனால் ஆளே வதங்கிவிடுவார்.

பொங்கோல் அக்கா:
அதனால்தான் 2 மணிக்குப் போகக்கூடாது. மூன்றரைக்குக் கிளம்பி, லோரோங் ஹாலுஸ் சிவப்புப் பாலம், பாசிர் ரிஸ் பூங்கா வழியாக சாங்கி வில்லேஜ், அங்கே தண்ணீர் நிரப்பிக்கொண்டு வெயில் தணிந்தபின் அந்த நேர்கோட்டில் இறங்கலாம். மொத்தம் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் வருடம் முழுக்க 7 மணியை ஒட்டித்தான் இருட்டுகிறது, ஆகவே கூடாரம் போடும்போது வெளிச்சம் போயிருக்கும், நெற்றி விளக்கு கண்டிப்பாக வேண்டும். இருட்டிய பிறகு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், பார்க் கனெக்டருக்கும்தான். சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம்.

ஈஸ்ட் கோஸ்டுக்கு இன்னொரு வசதி. 2024 ஜூனில் மரின் பரேட், சிக்லாப், பேஷோர் வரை எம்ஆர்டி வந்துவிட்டது. மடக்கு சைக்கிள் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் மடங்கினால் எந்த நேரமும் ரயிலில் ஏற்றலாம். ஹைபிரிட்டை ஏற்ற விடமாட்டார்கள், அதற்குப் பெரிய டாக்சிதான். ஆகவே தங்கைக்கு முழங்கால் வலித்தால் அவள் ரயிலில், நீங்கள் மெதுவாக ஓட்டிக்கொண்டு.

மாலைவெயில்:
எல்லாருக்கும் நன்றி, தலை சுற்றுகிறது :) பொருள் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரு கடையில் ஹேண்டில்பார் பை, நடுச்சட்டப் பை, சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பை என்று மூன்றும் சேர்த்து 300 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள், இது இல்லாமல் பைக்பேக்கிங் (சைக்கிளில் மூட்டை கட்டிப் பயணம்) போக முடியாது என்று வேறு அடித்துச் சொன்னார்கள்.

ஈசூன் அண்ணாச்சி:
அந்தப் பைகள் கேரியர் மாட்ட முடியாத மலைச்சைக்கிளுக்காக வந்தவை. கரடுமுரடான தடத்தில் கேரியர் ஆடும், மரத்தில் இடிக்கும், அதனால் சுமையைச் சட்டத்தோடு ஒட்டிக் கட்டினார்கள். உங்களிடம் கேரியர் இருக்கிறது, போவது சிமெண்டுப் பாதை. பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும் பை ஒரு ஜோடி போதும். கனமானதைக் கீழே வையுங்கள், இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும், கிளம்பும் முன் இரண்டு டயருக்கும் காற்று. தங்கையின் சைக்கிளுக்கு முன்பக்கம் ஒரு சின்னப் பை மட்டும். மடக்கு சைக்கிளின் சீட்டுக்கம்பி நீளம், அதில் பெரிய பை தொங்கவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இடம் வலம் ஆடும்.

பெங்கராங் பயணி:
இதில் அண்ணாச்சியோடு உடன்படுகிறேன், வேறு வழியில்லை. ஆனால் ஹோட்டல் என்றால் ஒரு முதுகுப்பையைக் கேரியரில் கட்டினாலே முடிந்தது, மறக்க வேண்டாம்.

பொங்கோல் அக்கா:
தூங்குவதற்கு: இங்கே இரவில் 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஸ்லீப்பிங் பேக் வாங்கச் சொன்னால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆளுக்கொரு கைலி போதும். கூடாரத்தின் உள்சுவர் வலையாக இருக்கட்டும், மழை வரும் வரை மேல்துணியை மூடாதீர்கள், மூடினால் இட்லிப் பானைதான். இரண்டு பேருக்கான கூடாரம் என்று எழுதியிருந்தால் பையை வைக்க இடம் இருக்காது, மூவர் கூடாரம் எடுங்கள். யாரிடமாவது கடன் வாங்கினால் இன்னும் நல்லது, பிடிக்குமா என்றே தெரியாத ஒன்றுக்கு ஏன் காசு? ரப்பர் பாய் மட்டும் நல்லதாக வாங்குங்கள். மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் சொறிய வேண்டும், கொசு மருந்து மறக்காதீர்கள். அடுப்பு வேண்டவே வேண்டாம், ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடியில் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) சாப்பிடுங்கள்.

மழை பற்றி ஒன்று. டிசம்பர், ஜனவரி வேண்டாம், வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா புயல்காற்று, அது பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும், சரியாக நீங்கள் அசந்து தூங்கும் நேரம். முளைக்குச்சியை மணலில் சும்மா குத்தினால் பிடுங்கிக்கொண்டு போகும், ஆழமாகச் சாய்த்து அடியுங்கள். இடி இடித்தால் கூடாரத்தில் இருக்காமல் கட்டடத்துக்குள் ஓடுங்கள்.

கடலோரக் காகம்:
இவ்வளவு எச்சரிக்கையையும் படித்துவிட்டு யாராவது கிளம்புவார்களா? கேட்டது ஓர் இரவு வெளியில் தூங்க. எவரெஸ்ட் ஏற அல்ல.

மாலைவெயில்:
கிளம்புகிறோம்! தங்கையோடு பேசினேன். பாசிர் ரிஸ் வேண்டாம், வீட்டுக்குப் போய் மறந்த சார்ஜரை எடுத்து வரும் தூரம் என்கிறாள். உபின் அவளுக்கு ஆசை, எனக்குத் தண்ணீர்க் கணக்கு பயமாக இருக்கிறது. ஆகவே ஈஸ்ட் கோஸ்ட், போவது சாங்கி வழி, வருவது காலைக் கோப்பி குடித்துவிட்டு அதே வழி. அனுமதி எடுத்தாயிற்று. கூடாரம் அலுவலகத் தோழி தருகிறாள், நான்கு பேருக்கானது, நாலு கிலோ, பரவாயில்லையா?

ஈசூன் அண்ணாச்சி:
கம்பிகளை ஒருவர், துணியை ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வெள்ளிக்கிழமை இரவே அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே புல்வெளியில் ஒருமுறை விரித்து, முளைக்குச்சி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு மடித்து வையுங்கள். கடன் வாங்கிய கூடாரத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று குறையும்.

பெங்கராங் பயணி:
நான் சொன்னதிலிருந்து மாறவில்லை, ஈஸ்ட் கோஸ்ட் பயணம் அல்ல, நீண்ட மாலை உலா. போய் வாருங்கள். வந்ததும் கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு கூட்டமாக தேசாரு போகிறோம், அத்தானையும் கூட்டி வாருங்கள், அவர் இதுவரை சைக்கிளில் போயிருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

மாலைவெயில்:
அவர் காரில்தான் போயிருக்கிறார்.