கர்ணனும் அயர்ன்மேனும் ஒன்றா? முதலில் கவசத்தைப் பேசுங்கள்

ஏட்டுச்சுவடி: "கர்ணன்தான் உலகின் முதல் அயர்ன்மேன், அதனால்தான் இன்றும் அவனைக் கொண்டாடுகிறோம்" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கர்ணன் கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை, அதோடு பிறந்தான். போருக்கு முன்பே இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்தும் விட்டான். குருக்ஷேத்திரத்தில் அந்தக் கவசம் அவன் உடம்பில் இல்லை.

இரவுப்பறவை: எழுதியது நான்தான். 1963-இல் அமெரிக்கக் காமிக்ஸில் வந்த அயர்ன்மேனுக்கும் நெஞ்சுக்கவசத்தைக் கழற்றினால் உயிர் போய்விடும். இதயத்துக்குப் பக்கத்தில் குண்டுச் சிதறல். இரண்டு பேருக்கும் உயிர் கவசத்தில்தானே?

ஏட்டுச்சுவடி: சூரியன் கனவில் வந்து கொடுக்காதே என்று எச்சரித்தும் கொடுத்தான் சார். உங்கள் ஆள் கழற்றிக் கொடுத்தானா?

அலைமகன்: சும்மா கொடுத்தானா? பதிலுக்குச் சக்தி ஆயுதம் கேட்டு வாங்கினான். கடைசியில் அதுவும் கடோத்கசனைக் கொல்வதிலேயே செலவாகிப் போனது. விஷயம் எளிது: கிரேக்க வீரன் அக்கிலீஸுக்குக் குதிகால், துரியோதனனுக்குத் தொடை, சூப்பர்மேனுக்கு அவன் பலத்தை உறிஞ்சும் கிரிப்டோனைட் கல். பலவீனம் இல்லாத நாயகன் யாருக்கும் ஒட்டமாட்டான்.

ஏட்டுச்சுவடி: அக்கிலீஸைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் குதிகால் கதையே கிடையாது. அங்கே அக்கிலீஸுக்குக் கையில் ஈட்டி உரசி ரத்தம் வருகிறது. படித்துவிட்டு வாருங்கள்.

அலைமகன்: முன்பு அனுமன் பற்றிப் பேசியபோதும் இதே மிரட்டல். படித்தவர் நீங்கள் ஒருவர்தானா?

இரவுப்பறவை: சரி, சாகும் நேரத்தில் கண்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தைக் கேட்டபோதும் கொடுத்தானே, அதைச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி: அது வில்லிபாரதம். வியாசரில் இல்லை.

இரவுப்பறவை: வில்லிபுத்தூரார் இரண்டாந்தரமா? தமிழில் வளர்ந்த எனக்கு அவர் தந்த கர்ணன்தான் கர்ணன். இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி: தரத்தை யார் பேசினார்கள்? நான் பேசுவது கவசத்தை.

மணல்வீடு: எட்டு வயது மகளுக்கு இரண்டு கதையும் சொன்னேன். அயர்ன்மேன் பறந்ததும் கைதட்டினாள். கர்ணன் வாளை எடுத்ததும், "ரத்தம் வந்ததாப்பா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏட்டுச்சுவடி: வந்தது. ஈரம் காயாமல்தான் இந்திரன் கையில் கொடுத்தான். அறுக்கும்போது முகம் சுளிக்கவில்லை என்கிறார் வியாசர். அந்த முகத்துக்காகத்தான் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறேன்.

இரவுப்பறவை: ஆக, எல்லாம் கவசத்தால்தான். நான் சொன்னதும் அதுதான்.

ஏட்டுச்சுவடி: இல்லாத கவசத்தால். போரில் அது அவன் உடம்பில் இல்லை. இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

அலைமகன்: அப்புறம் அந்த மன்னிப்பு?