மறு: சென்சார் ட்ரிஃப்ட்டுக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

வயல் மண்ணுலேர்ந்து வர்ற மீத்தேன் மாதிரி வாயுவை அளக்கிற சென்சார் பத்தி நாம போடுற கலைச்சொல் பட்டியல்ல, சென்சார் காட்டுற அளவு நாளாக நாளாக மாறிப்போறதுக்கு, அதாவது ட்ரிஃப்ட்டுக்கு, "விலகல்"னு வச்சிக்கலாம்னு போன மடல்ல ஒரு ஐயா எழுதியிருந்தார், எனக்கு அது ஒத்து வரல. ஒளிவிலகல், திட்டவிலகல்னு ஏற்கனவே ரெண்டு இடத்துல புழங்குற சொல்லு. "பெயர்ச்சி"ன்னா உடனே இடப்பெயர்ச்சிதான் ஞாபகம் வருது. நான் சொல்றது "நழுவல்". சென்சார் ஒரேடியா கெட்டுப்போறதில்ல, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா நமக்கே தெரியாம மாறுது, அதுக்கு இது பொருந்துது, "உணரி (சென்சார்) நழுவிடுச்சு"ன்னு வினையாவும் சொல்லலாம்.

ஆனா பட்டியலோட வரைவுல ஈரப்பதத்தால வர்ற தப்பையும் ட்ரிஃப்ட்லயே சேர்த்திருக்கீங்க, அதை கண்டிப்பா பிரிக்கணும். வயல்ல எப்படி அளக்கறோம்னு பாருங்க, அடி திறந்த ஒரு பெட்டியை மண்ணு மேல கவுத்து வச்சு உள்ள வாயு எவ்வளவு வேகமா ஏறுதுன்னு சில நிமிஷம் பதிவு பண்றோம், அந்த ஏத்தத்தோட சாய்வை பெட்டியோட கொள்ளளவால பெருக்கி அடிப்பரப்பால வகுத்து, வெப்பநிலை அழுத்தத்துக்கு திருத்தம் போட்டா உமிழ்வு வீதம் வந்துடும். நமக்கு வேண்டியது சாய்வு மட்டும்தான். அதனால சென்சார் எப்பவும் 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) கூட்டிக் காட்டினாலும் பரவால்ல, கழிக்கும்போது அடிபட்டுப் போயிடும். உணர்திறன், அதாவது வாயு ஏறுற அளவுக்கு காட்டுற அளவும் ஏறுற திறன், மாறியிருந்தா சாய்வே தப்பா வரும். ஆகவே முதல்லதுக்கு "சுழிய நழுவல்", அடுத்ததுக்கு "உணர்திறன் நழுவல்"னு ரெண்டு தனிச்சொல் வேணும், ரெண்டையும் ஒண்ணா எழுதினா படிக்கிறவங்க தேவையில்லாததுக்கு பயந்து தேவையானதை விட்டுடுவாங்க.

ஈரப்பதம் இந்த ரெண்டுலயும் சேராது. விலை குறைஞ்ச மீத்தேன் சென்சார்ல பெரும்பாலும் சூடாக்கின டின் ஆக்சைடுதான் இருக்கு, அதோட மேற்பரப்புல ஒட்டியிருக்கிற ஆக்சிஜனோட மீத்தேன் வினைபுரிஞ்சா மின்தடை குறையும், நீராவி பட்டாலும் மின்தடை குறையும்! தண்ணி நிக்கிற வயல்ல பெட்டியை கவுத்தா சில நிமிஷத்துலயே உள் சுவர்ல நீர் பூத்துடும், மீத்தேன் ஏறுற அதே நேரத்துல ஈரமும் ஏறுது, வரைபடத்துல ரெண்டும் ஒரே கோடாத்தான் தெரியும். காத்துல மீத்தேன் சாதாரணமா 2 பிபிஎம்முக்கும் கொஞ்சம் கம்மிதான், அந்த அளவுல ஈரத்தோட பங்கு சின்னது கிடையாது. அளக்க வேண்டியதோட வேற ஒண்ணுக்கும் சென்சார் அசையுற இதுக்கு "குறுக்குணர்வு"ன்னு போடலாம். தீர்வும் வேற: நழுவலுக்கு தரமான கருவி பக்கத்துல வச்சு, அதோட ஒப்பிட்டு அப்பப்ப அளவுத்திருத்தம் செய்யணும், குறுக்குணர்வுக்கு அதே பெட்டிக்குள்ள ஈரப்பதமும் வெப்பநிலையும் அளக்கிற உணரி ஒண்ணு கூடவே ஓடணும்.

இன்னொண்ணும் விட்டுப்போச்சு. கார்பன் டை ஆக்சைடு அளக்கிற அகச்சிவப்பு சென்சார் பலதுல தானா சுழியத்தை திருத்திக்கிற வசதி இருக்கு, சில நாள்ல பதிவான மிகக்குறைந்த அளவை வெளிக்காத்துன்னு எடுத்துக்கிட்டு 400 பிபிஎம்முக்கு இழுத்துடும். மண்ணு மேலயே கிடக்கிற பெட்டி சுத்தமான காத்தை பார்க்காமலே போகலாம், அப்ப இந்த திருத்தமே நழுவலை உண்டாக்கும். "தன்சுழியத் திருத்தம்"னு ஒரு பதிவு போட்டு, வயல் அளவீட்டுல இதை அணைச்சு வைக்கணும்னு விளக்கத்துலயே எழுதிடலாம்.

"குறுக்குணர்வு"க்கு மாற்று யாராவது வச்சிருந்தா சொல்லுங்க, வாயு மட்டும் இல்லாம ஈரம், சூடு எல்லாத்துக்கும் பொருந்துற மாதிரி இருக்கணும்.