கொக்கட்டிச்சோலை பட்டியலில் இரண்டு தரம் வருகிறது: ஜாவா, தமிழ் ஸ்ட்ரிங்

வாவிக்கரை (மட்டக்களப்பு):
வணக்கம். ஊரில் ஒரு சின்ன விவசாயச் சங்கத்துக்காக ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறேன், பெரும்போகத்தில் எந்த ஊரிலிருந்து எத்தனை மூடை நெல் வந்தது என்று கூட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சிஎஸ்வி ஃபைலில் (கமாவால் பிரித்த பட்டியல்) ஒவ்வொரு வரியையும் கமாவில் ஸ்பிளிட் பண்ணி, இரு முனை இடைவெளியையும் வெட்ட ட்ரிம் போட்டு, ஊர்ப் பெயரை ஹேஷ்மேப்பில் (பெயருக்கு எதிரே தொகையை வைக்கும் அட்டவணை) கீயாக வைக்கிறேன். கடைசியில் கொக்கட்டிச்சோலை இரண்டு தரம் வருகிறது, ஒன்றில் 140 மூடை, மற்றதில் 65. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். இன்னொன்று, பற்றுச்சீட்டில் இடம் போதாதென்று சப்ஸ்ட்ரிங்கால் முதல் 10 எழுத்தை மட்டும் எடுத்தால் "கொக்கட்டிச" என்று வருகிறது, ச்-இன் புள்ளியைக் காணோம். இரண்டு இரவாக இதோடேயே இருக்கிறேன், யாராவது சொல்லுங்கள்.

கல்முனைத் தம்பி:
அண்ணா, எங்காவது == போட்டு ஒப்பிடுகிறீர்களா? அது இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும், உள்ளே இருக்கும் எழுத்தைப் பார்க்காது. ஈக்குவல்ஸ் போட்டுப் பாருங்கள்.

ஒலுவில் நானா:
தம்பி சொன்னது சரி, ஆனால் இங்கே காரணம் அதில்லை, ஹேஷ்மேப் கீயை ஈக்குவல்ஸால்தான் ஒப்பிடுகிறது. வாவிக்கரை, இரண்டு கீயின் லெங்தையும் (எத்தனை குறி என்பதை) பிரின்ட் பண்ணிப் பாருங்கள், ஒன்று 15, மற்றது 17 என்று வரும் என நினைக்கிறேன். யுனிகோட்டில் (எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் முறை) "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒற்றைக் குறியாக ொ, இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. "சோ"வும் அப்படியே. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பட்டியலை யுனிகோட்டுக்கு மாற்றும்போது இந்தப் பிரிந்த வடிவம் வந்துவிடலாம். கீயாக வைக்கும் முன் நோர்மலைசர் கிளாஸின் நோர்மலைஸ் மெதட்டை என்எஃப்சி வடிவத்தோடு (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வடிவம்) கூப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ௌ-இன் இடத்தில் யாராவது ஒற்றைக்கொம்பையும் ள-வையும் அடித்திருந்தால் அதை என்எஃப்சி திருத்தாது, கையால்தான் திருத்த வேண்டும்.

புள்ளி போன கதையும் இதிலிருந்து வருவதுதான். நாம் 8 எழுத்தாக வாசிக்கும் பெயர் ஜாவாவுக்கு 15 குறி, அதில் பத்தாவது ச, பதினோராவது புள்ளி. சப்ஸ்ட்ரிங் நடுவில் வெட்டிவிட்டது. மட்டக்களப்பும் அப்படித்தான், நமக்கு 8, ஜாவாவுக்கு 12. ஸ்ட்ரிங்பில்டரில் எழுத்தைத் தலைகீழாக்கும் ரிவர்ஸும் தமிழைக் குழப்பும், உயிர்க்குறி மெய்யை விட்டு முன்னே போய்விடும். ஜாவா 9இலிருந்து ரெஜெக்ஸில் (எழுத்து அமைப்பைத் தேடும் குறிமுறை) பின்சாய்வுக்கோடும் பெரிய எக்ஸும் போட்டால் கண்ணில் தெரியும் எழுத்து ஒவ்வொன்றாக வரும், அதில் தேவையானதை மட்டும் எண்ணி எடுத்துச் சேருங்கள். க்ஷ மட்டும் இரண்டாக எண்ணப்படும், பற்றுச்சீட்டுக்கு அது பரவாயில்லை.

வாவிக்கரை:
நானா, லெங்த் சரியாக 15, 17! ஆனால் ஊர்ப் பெயரில் நோர்மலைஸ் போட்டும் மாறவில்லை, வரி இப்படி இருக்கிறது: நோர்மலைசர்.நோர்மலைஸ்(ஊர், என்எஃப்சி);

கல்முனைத் தம்பி:
விடையை எதிலும் வாங்கவில்லையே அண்ணா. ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், மாறாத பொருள்; ட்ரிம், ரீபிளேஸ், டூஅப்பர்கேஸ் எல்லாமே பழையதைத் தொடாமல் புதிய ஸ்ட்ரிங்கைத்தான் திருப்பித் தரும். ஊர் = என்று முன்னால் போட்டு அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி சின்ன வீயைப் பெரிய வீயாக்கப் போய் இதில்தான் மாட்டினேன்.

வாவிக்கரை:
ஆமாம், வந்துவிட்டது! 205 மூடை, ஒரே வரி. ஆனால் பொத்துவில் இன்னும் இரண்டாக நிற்கிறது, ஒன்றின் லெங்த் 1 கூட. ட்ரிம் போட்டிருக்கிறேன்.

ஒலுவில் நானா:
இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தீர்களா? அப்படியென்றால் பின்னால் குறியீட்டெண் 160 உள்ள உடையாத இடைவெளி ஒட்டியிருக்கலாம். ட்ரிம் 32 வரைக்கும் உள்ள குறிகளைத்தான் வெட்டும், ஜாவா 11இல் வந்த ஸ்ட்ரிப்பும் 160ஐத் தொடாது. கடைசிக் குறியின் எண்ணை பிரின்ட் பண்ணிப் பாருங்கள், 160 என்றால் ரீபிளேஸால் சாதாரண இடைவெளியாக்கி, அப்புறம் ட்ரிம். விடையை ஊர் =இல் வாங்க மறக்கவேண்டாம்.

வாவிக்கரை:
160தான். சரியாகிவிட்டது, இரண்டு பேருக்கும் நன்றி. நாளைக்குப் பற்றுச்சீட்டு வெட்டும் பகுதியை எழுதிவிட்டு இங்கேயே போடுகிறேன்.