அக்செப்டன்ஸ்: ‘ஏற்பு’ போதுமா, ‘காட்சியேற்றம்’ வேண்டுமா?

அன்புடைய குழுவினருக்கு வணக்கம்.

ஒளிப்படக் கழகப் போட்டிகளுக்கான சொற்பட்டியலில் ‘அக்செப்டன்ஸ்’ என்பதற்கு நேராக ‘ஏற்பு’ என்று குறித்து, மறுப்பு இல்லையென்றால் அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று ஒருங்கிணைப்பாளர் எழுதியிருந்தார். எனக்கு மறுப்பு உண்டு. ‘ஏற்பு’ நல்ல தமிழ்ச் சொல்தான், சுருக்கமானதும்கூட. ஆனால் இந்த இடத்தில் அது தவறான ஆளைச் சுட்டுகிறது.

இப்போட்டிகளில் கலந்துகொண்டிராதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகப் படமெடுக்கும் ஒருவர் முதலில் தம் கழகத்தின் உட்போட்டிகளில் நுழைகிறார்; அங்கே மதிப்பெண்ணும், முதல் மூன்று இடங்களும், நடுவரின் விமர்சனமும் உண்டு. அடுத்த படி, பல நாட்டுப் படங்களும் வந்து சேரும் சலோன் என்னும் கண்காட்சிப் போட்டி. 1934இல் தொடங்கிய அமெரிக்க ஒளிப்படச் சங்கமும், 1950இல் பெர்ன் நகரில் தன் முதல் மாநாட்டைக் கூட்டிய பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பும் (சுருக்கமாக ஃபியாப்) இத்தகைய சலோன்களுக்கு ஒப்புதல் முத்திரை தருகின்றன. அங்கே வந்து குவியும் படங்களில் பரிசு பெறுபவை சில. பரிசு இல்லாவிட்டாலும் கண்காட்சியில் இடம்பெறுபவை அதைவிடப் பல. எஞ்சிய பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். பரிசும் இல்லாமல் வெளியேற்றமும் இல்லாமல் இடைப்பட்டு நிற்கும் அந்த நிலைக்கே அக்செப்டன்ஸ் என்று பெயர். அதை எண்ணித்தான் ஃபியாப் பட்டங்களுக்கும் அமெரிக்கச் சங்கத்தின் நட்சத்திரத் தகுதிகளுக்கும் விண்ணப்பிக்க முடியும் என்பதால், பரிசைவிடவும் இந்த எண்ணிக்கையையே கணக்கேட்டில் கருத்தாக எழுதிவைக்கும் அமெச்சூர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன்.

‘ஏற்பு’ எப்படிக் குழப்புகிறது என்பதை நானே செய்த பிழையிலிருந்து சொல்கிறேன். எங்கள் கழகம் நடத்திய சலோனுக்கான அறிவிப்பு வாசகங்களைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. புதிய உறுப்பினர் ஒருவர் நான்கு படங்களைப் பதிவேற்றிய சில நிமிடங்களில் அவருக்குத் தானியங்கி மடல் போனது: ‘உங்கள் 4 படங்களும் ஏற்கப்பட்டன.’ கோப்பின் அளவு சரியாக இருக்கிறது, கட்டணம் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அவரோ நான்கும் தேறிவிட்டன என்று எண்ணி வீட்டாருக்கெல்லாம் சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து அவருக்குப் போன முடிவுத்தாளில் 8, 9, 7, 9 என்று மதிப்பெண்கள் இருந்தன; கண்காட்சியில் இடம்பெறுவதற்கான வரம்பு 10. “முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு ஏன் திருப்பினீர்கள்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை. அடுத்த முறை அவருடைய படம் ஒன்று 11 பெற்றது. அதற்கு எதிரே ‘ஏற்பு’ என்று கண்டிருந்ததைப் பார்த்து, “நான் எந்தப் பக்கத்துக்குப் போய் ஏற்க வேண்டும்?” என்று எழுதினார். கணினித் திரைகளில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை நாள்தோறும் அழுத்திப் பழகியவருக்கு அந்த ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

இது ஒருவருடைய கவனக்குறைவு அன்று, சொல்லின் இயல்பிலேயே இருக்கும் சிக்கல். தமிழில் ‘என் வருகை’ என்றால் வந்தவன் நான், ‘என் மறுப்பு’ என்றால் மறுத்தவன் நான். அவ்வாறே ‘என் ஏற்பு’ என்றால் எதையோ ஏற்றவன் நான் என்றே பொருள்படும். விருது வழங்கும் மேடையில் ‘ஏற்புரை’ ஆற்றுபவர் யார்? விருதைக் கொடுத்தவர் அல்லர், பெற்றுக்கொண்டவரே. அப்படியிருக்க, ‘எனக்கு 12 ஏற்புகள் உள்ளன’ என்று ஒரு படக்கலைஞர் எழுதினால், படித்தவர் தயங்கத்தான் செய்வார். (ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்ற பழம்பொருளும் உண்டு என்று ஒரு நண்பர் தனிமடலில் நினைவூட்டினார். அதை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை.)

இன்னொரு சிக்கல், ஏற்பவர் என்று அங்கே எவருமே இல்லை என்பதுதான். நடுவர் அறையில் இருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். விளக்கை அணைத்துவிடுகிறார்கள், படமெடுத்தவரின் பெயர் இல்லாமல் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன, மூன்று நடுவர்களும் ஒருவரோடொருவர் பேசாமல், கையிலுள்ள சிறு கருவியில் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை அழுத்துகிறார்கள், சில நொடிகளில் அடுத்த படம் வந்துவிடுகிறது. எண் அளிக்கும் முறை இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், இப்படிக் கூட்டி 3 முதல் 15 வரை மதிப்பெண் வருவது பரவலான வழக்கம். எல்லாப் படங்களும் முடிந்த பிறகே, எந்த மதிப்பெண்ணில் எத்தனை படங்கள் நிற்கின்றன என்று பார்த்துக் கோடு கிழிக்கிறார்கள். ஆகவே, ‘இந்தப் படத்தை நான் ஏற்கிறேன்’ என்று எந்த நடுவரும் எந்தக் கட்டத்திலும் சொல்வதில்லை. 10 வாங்கிய படம் ஒரு சலோனில் உள்ளே இருக்கும். கோடு 11இல் விழுந்த மற்றொரு சலோனில் அதே 10 வெளியே இருக்கும். யாரோ செய்த செயலைக் காட்டிலும் படத்துக்கு நேர்ந்த நிலையையே நாம் பெயரிட வேண்டியிருக்கிறது.

இதுவரை வந்த மாற்றுச் சொற்களுள் ‘தேர்வு’ வலுவானது. ‘கண்காட்சிக்குத் தேர்வான படங்கள்’ என்று அறிவிப்பில் எழுதினால் எல்லோருக்கும் புரியும். அந்த வாக்கியத்தை நானும் மாற்ற மாட்டேன். ஆனால் எண்ணத் தொடங்கியதும் அது கைவிட்டுவிடுகிறது. ‘இந்த ஆண்டு எனக்கு 19 தேர்வுகள்’ என்றால் மாணவன் புலம்புவது போலிருக்கிறது. தவிரவும், பரிசுக்குரிய படங்களை இறுதிச் சுற்றில் பிரித்தெடுப்பதும் தேர்வுதானே. ‘தெரிவு’ என்பதைக் கணினிச் சொல்லாக்கத்தில் ஏற்கெனவே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டோம். ‘ஆறுதல் பரிசு’ என்று சான்றிதழ் அச்சிட்ட கழகம் ஒன்றை எனக்குத் தெரியும். பரிசே அல்லாததைப் பரிசு என்பதும், ஆறுதல் தேவைப்படாதவருக்கு ஆறுதல் சொல்வதும் ஒருங்கே நிகழ்ந்த சொல் அது. அச்சுப்படங்களைச் சுவரில் மாட்டுகிறார்கள் என்பதால் ‘சுவரேற்றம்’ என்றார் ஒருவர். சுவரேறுபவர்களைப் பற்றி நம் மொழியில் நல்ல அபிப்பிராயம் இல்லை.

அந்தச் சொல்லில் இருந்த ‘ஏற்றம்’ எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் எழுதியனுப்பிய கதை இதழில் வந்தால் ‘கதை அச்சேறியது’ என்கிறோம், நாடகம் மேடையேறுகிறது, நடனம் அரங்கேறுகிறது. இவற்றில் எழுவாயாக நிற்பது படைப்பே. பத்திரிகை ஆசிரியரோ எழுதியவரோ முன்வருவதில்லை. அச்சேறிய கதைக்குப் பரிசு கிடைத்ததா என்ற கேள்வியும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. தேறி வெளிவந்தது என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. அந்த வரிசையில் ‘காட்சியேறு’ என்ற வினையையும் ‘காட்சியேற்றம்’ என்ற பெயரையும் முன்வைக்கிறேன். அரங்கேற்றத்தையே எடுத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: அரங்கேற்றம் ஒரு கலைஞருக்கு ஒருமுறை நிகழ்வது, ஒரு படமோ பத்து இடங்களில் காட்சியேறலாம். அச்சுப்படங்கள் சுவரில் தொங்கினாலும், எண்மப் படங்கள் திரையில் ஓடினாலும், இரண்டுமே ‘காட்சி’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த வேறுபாடு கணக்கெழுதும்போது மிகவும் தேவைப்படுகிறது. சில சலோன்கள் தொடராக நடக்கும். ஒரே படத்தொகுப்பை நான்கைந்து இடங்களில் வெவ்வேறு நடுவர் குழுக்கள் மதிப்பிடும். ஒரு படம் மூன்று இடங்களில் தேறினால் அது ஒரு படம், மூன்று அக்செப்டன்ஸ். ஃபியாப் பட்ட விண்ணப்பத்தில் மொத்த எண்ணிக்கையைத் தனியாகவும், எத்தனை வெவ்வேறு படங்கள், எத்தனை நாடுகள் என்பவற்றைத் தனித்தனியாகவும் காட்ட வேண்டும். ‘காட்சியேறிய படங்கள் 7, காட்சியேற்றங்கள் 19’ என்று எழுதினால் இரண்டும் கலப்பதில்லை. ‘ஏற்கப்பட்ட படங்கள் 7, ஏற்புகள் 19’ என்பதைப் படிப்பவர் ஏதோ ஓர் எண் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

குறை இல்லாமல் இல்லை. ‘பதிவேற்றம்’ என்ற சொல்லின் ஒலி இதில் இருப்பதால், படத்தை இணையத்தில் காட்சிக்கு வைப்பது என்று சிலர் பொருள்கொள்ளக்கூடும். ஆனால் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: பதிவேற்றம் நாம் செய்வது, காட்சியேற்றம் அதன்பிறகு படத்துக்கு வாய்ப்பது. என் தானியங்கி மடலை இப்போது ‘உங்கள் 4 படங்களும் வந்து சேர்ந்தன’ என்று மாற்றிவிட்டேன்.

எதிர்ச்சொல்லுக்கு ‘நிராகரிப்பு’ என்று பட்டியலில் இருப்பதையும் நீக்கிவிடலாம். பாரிசில் லூவ்ர் அரண்மனையின் சலோன் காரே என்ற கூடத்தில் 1725 முதல் நடந்த ஓவியக் காட்சியிலிருந்துதான் சலோன் என்ற பெயரே வந்தது. 1863இல் நடுவர்கள் ஒதுக்கிய ஓவியங்களை மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி தனியாகக் காட்டியபோது, அதற்கு ‘மறுக்கப்பட்டவற்றின் சலோன்’ என்றே பெயர் வழங்கியது. அங்கே மறுப்பு மெய்யான மறுப்பு. நம் போட்டியில் 9 வாங்கிய படத்தை யாரும் மறுக்கவில்லை, அது கோட்டுக்கு ஒரு படி கீழே நிற்கிறது. ‘காட்சியேறாதது’ என்றால் போதும். இயற்கைப் பிரிவில் கிளையை அழித்தோ பறவையை ஒட்டியோ அனுப்பி விதியை மீறிய படத்தை நீக்குகிறார்களே, அதற்குத் ‘தகுதிநீக்கம்’ என்ற கடுமையான சொல்லைத் தனியே வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், நேர்மையாகப் படமெடுத்துத் தோற்றவரும் குற்றவாளியாகத் தெரிவார்.

சலோன் என்பதை அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்வதில் எனக்கு ஒப்புதலே. சலூன் என்று படித்துவிடுவார்களே என்று அஞ்ச வேண்டியதில்லை. இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தவை, எங்கே போனாலும் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் தீர்ப்புக்குத் தலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

உட்போட்டிகளுக்கு இச்சொல் பொருந்தாது, அங்கே காட்சி என்று ஒன்று இல்லை. ஆகவே பட்டியலில் சலோனுக்கு மட்டும் என்று குறித்துவிடலாம். மாற்றுச் சொல் தருபவர்கள் அதைக் கீழ்க்கண்ட மூன்று வாக்கியங்களிலும் பொருத்திப் பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவதில்தான் பெரும்பாலான சொற்கள் தடுக்கி விழுகின்றன.

‘என் படம் இந்தச் சலோனில் காட்சியேறியது.’
‘காட்சியேற்ற வரம்பு 10 மதிப்பெண்.’
‘இந்த ஒரே படத்துக்கு இதுவரை 3 காட்சியேற்றங்கள் கிடைத்துள்ளன, பரிசு இல்லை.’

அன்புடன்,
குழு உறுப்பினன்