உதவி: மரத்தில செய்த லூர் தண்ணிக்குள்ள கவிழுது, பைக் மீன் சீசனுக்கு முன்னம் சரிவருமோ?

ஹொலண்ட்_ஆத்துப்_பொடியன் | ஏப்ரல் 27, இரவு 11:48

எல்லாருக்கும் வணக்கம், கெதியா ஒரு உதவி வேணும். நானும் மூண்டு சிநேகிதப் பொடியங்களும் சேர்ந்து விண்டர் முழுக்க கராஜுக்குள்ள இருந்து மரத்தில லூர் (மீனை ஏமாத்துற பொய் இரை) செய்தனாங்கள், பைக் மீனுக்கு. பெயின்ற் அடிச்சு எப்பொக்ஸி (இறுகிற பிசின்) பூசி நல்ல வடிவா வந்திருக்கு. நேற்று ஒன்ராறியோ லேக் சிம்கோ ஏரியில, குக்ஸ் பே பக்கம் கொண்டுபோய் எறிஞ்சு இழுத்துப் பாத்தா எல்லாம் கவிழுது, சரிஞ்சு சுத்தி வயித்தை மேல காட்டிக்கொண்டு வருகுது, மெதுவா இழுத்தாலும் அதே கதைதான். மே ரெண்டாவது சனி சீசன் திறக்குது, நாலு பேரும் வேலைக்கு லீவு சொல்லியாச்சு, கடை லூர் ஒண்டும் கொண்டுபோறேல்லை எண்டு முடிவெடுத்திட்டம். என்ன பிழை எண்டு தெரிஞ்ச ஆரும் சொல்லுங்கோ ப்ளீஸ்.

வலையும்_வள்ளமும் | ஏப்ரல் 28, காலை 6:15

தம்பி, என்ன மரம்? எவ்வளவு நீளம்? உருண்டையா தட்டையா? முன்னால உதடு (லிப், தண்ணியைத் தள்ளி லூரை ஆட்டுற தகடு) வச்சனீங்களோ, வச்சா எதில வெட்டினது? வயித்துக்குள்ள எடை ஏதும் இருக்கோ? படம் ஒண்டு போட்டா இன்னும் நல்லம். உந்த விபரம் இல்லாம ஆரும் ஒண்டும் சொல்லேலாது.

கோவை_தூண்டில் | ஏப்ரல் 28, காலை 7:02

இது லிப் பிரச்சனைதாங்க, நான் அடிச்சு சொல்றேன். லிப் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் சாஞ்சிருந்தா போதும், தண்ணி அந்தப் பக்கமா தள்ளி மொத்தமா புரட்டி விட்டுரும். நானும் பிராம்ப்டன் வந்த புதுசுல செஞ்சு பாத்திருக்கேன். கட்டை சதுரமா இருக்கும்போதே லிப்புக்கு வெட்டு போட்டுறணும், நூல் கட்டுற கண் வளையத்துக்கு ஓட்டையும் அப்பவே போட்டுறணும், செதுக்கி உருண்டை ஆக்கினதுக்கு அப்புறம் வெட்டினா நேரா வராது. நீங்க எப்போ வெட்டினீங்கன்னு சொல்லுங்க. லிப் ரொம்ப அகலமா இருந்தாலும் இப்படித்தான் புரளும், ரெண்டு பக்கமும் சமமா கொஞ்சம் தேய்ச்சு பாருங்க.

மீன்_வாத்தியார் | ஏப்ரல் 28, காலை 9:30

ஒவ்வொரு வசந்தத்துக்கும் இதே கேள்வி வருகுது, பழைய இழையளை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. முதல்ல ரபாலா எண்ட கடை லூர் ஒண்டை வாங்கி தண்ணியில விட்டுப் பாருங்கோ, ஒழுங்கான லூர் எப்பிடி நிக்கும், எப்பிடி ஆடும் எண்டு கண்ணால பாக்காமல் உளி எடுக்கக் கூடாது. அதை விட முக்கியமான ஒண்டை ஆரும் கேக்கேல்லை. ஏப்ரல் கடைசியில பைக் சீசன் பூட்டிக் கிடக்கு, அந்த நேரம் குக்ஸ் பேயில பைக் லூர் எறிஞ்சிருக்கிறியள். "பிடிச்சா விட்டிடுவம்" எண்ட கதை ஒன்ராறியோவில எடுபடாது, பூட்டின சீசன்ல அந்த மீனைத் தேடி எறியிறதே குற்றம். ஐஸ் உருகின கையோட அதுகள் ஆழமில்லாத புல்லுக்குள்ள வந்து முட்டை போடுற காலம், அப்ப அதுகளை விட்டிட வேணும்.

ஹொலண்ட்_ஆத்துப்_பொடியன் | ஏப்ரல் 28, பிற்பகல் 12:10

வாத்தியார் அண்ணை, தூண்டில் முள்ளெல்லாம் கழட்டிப் போட்டுத்தான் எறிஞ்சனாங்கள், வெறும் கட்டை மட்டும், ஓட்டம் பாக்க. மரம் வேலி போட்டு மிச்சம் வந்த சீடர் பலகை, 9 செ.மீ. நீளம், உருண்டை. உதடு பழைய சிடியில வெட்டினது. எடை ஒண்டும் வைக்கேல்லை, சீடர் தானே பாரமா இருக்கும் எண்டு விட்டிட்டம். பைக்குக்கு பல்லு இருக்கிறதால 30 செ.மீ. ஸ்டீல் லீடர் (நூலுக்கும் லூருக்கும் நடுவில வாற கம்பி) போட்டனாங்கள், பெரிய ஸ்விவெல் (நூல் முறுகாம சுழலுற இணைப்பு) வச்சது. வேலையில நிக்கிறன், படம் இரவுக்கு.

வலையும்_வள்ளமும் | ஏப்ரல் 28, பிற்பகல் 12:41

இப்ப விளங்குது. முள்ளைக் கழட்டினதுதான் முதல் காரணம். வயித்துக்குக் கீழ தொங்குற ரெண்டு மூண்டுமுனை முள்ளும் வெறும் முள்ளு மட்டுமில்லை, அதுதான் லூரைக் குத்தென நிமித்தி வைக்கிற எடை. அதைக் கழட்டிப்போட்டு எறிஞ்சா நல்ல லூரும் கவிழும்.

சீடர் பாரமெண்டு நினைக்கிறது பிழை தம்பி, வெள்ளை சீடர் நல்லா மிதக்கிற மரம், அதோட உருண்டை உடம்புக்கு எந்தப் பக்கம் மேல எண்டு தெரியாது, தண்ணிக்குள்ள எப்பிடியும் உருளும். எடை கீழ இருந்தாத்தான் நிக்கும். பழைய முள்ளு ரெண்டை எடுத்து வளைஞ்ச முனையளை வெட்டி எறிஞ்சிட்டு தண்டை மட்டும் மாட்டிப் பாருங்கோ, எடை கிட்டத்தட்ட அதேதான், மீனும் கொழுவாது, வாத்தியாரும் ஏச மாட்டார். வாளியில இல்லாட்டி பாத்டப்பில விட்டு விரலால சரிச்சு விடுங்கோ. தானா நிமிந்து வந்தா சரி. வராட்டி அந்தத் தண்டில சோல்டர் கம்பியை (உருக்கி ஒட்டுற மெல்லிய உலோகக் கம்பி) கொஞ்சம் கொஞ்சமா சுத்திப் பாருங்கோ, எந்த இடத்தில எவ்வளவு சுத்தினா நிமிருது எண்டு கண்டுபிடிச்சு, பிறகு அதே எடையை நடுவயித்தில துளை போட்டு உள்ளுக்கு இறக்கி எப்பொக்ஸியால மூடுங்கோ.

ஸ்காபரோ_சுறா | ஏப்ரல் 28, பிற்பகல் 1:25

எடை வேற, லிப் வேற, எல்லாத்தையும் விடுங்கோ, லீடர்தான் கள்ளன்! 9 செ.மீ. மிதக்கிற கட்டைக்கு முன்னால பெரிய ஸ்விவெலும் கம்பியும் தொங்கினா மூக்கைக் கீழ இழுத்து விழுத்தும், ஆட்டமும் போயிடும். மெல்லிய கம்பி லீடர் இல்லாட்டி 50 றாத்தல் ஃப்ளோரோகார்பன் நூல் போட்டு நுனியில சின்ன ஸ்னாப் (கொழுவி) ஒண்டு மட்டும் வையுங்கோ, ஸ்விவெலை லூருக்குப் பக்கத்தில வைக்காம லீடரின்ர மற்ற முனையில வையுங்கோ. எடைக்கு நான் எப்பவும் ஈயம்தான், பழைய டயர்க்கடையில வாங்கின பலன்ஸ் ஈயத்தை உருக்கி ஊத்தினா ஒரு நிமிச வேலை.

கடல்தங்கை | ஏப்ரல் 28, பிற்பகல் 2:03

ஈயத்தை விடுங்கோ அண்ணா. முதலாவது, குசினி அடுப்பில ஈயம் உருக்கவே கூடாது, அந்தப் புகையும் தூசும் சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு நஞ்சு. ரெண்டாவது லூன் எண்ட நீர்ப்பறவையள். அதுகள் இரைப்பையில அரைக்கிறதுக்கு அடியில கிடக்கிற சின்னக் கல்லுகளை விழுங்கும், அதோட அறுந்து கிடக்கிற ஈயத் துண்டையும் விழுங்கிச் செத்துப் போகுது. எங்கட ஒரு டொலர் குத்தியில இருக்கிற பறவை அது. 50 கிராமுக்குக் குறைஞ்ச ஈயக் குண்டும் ஈய ஜிக்கும் (ஈயத் தலை வச்ச முள்ளு) கனடாத் தேசியப் பூங்காக்களில 1997ல இருந்தே தடை.

ஸ்காபரோ_சுறா | ஏப்ரல் 28, பிற்பகல் 2:30

லேக் சிம்கோ தேசியப் பூங்கா இல்லையே தங்கச்சி. சட்டத்தில இல்லாததை எங்களுக்கு மேல போடாதைங்கோ. மரத்துக்குள்ள புதைச்சு எப்பொக்ஸி போட்ட ஈயத்தை எந்தப் பறவை விழுங்கப்போகுது? ஊரில அப்பா வலைக்கு ஈயக்குண்டு வீட்டு முத்தத்தில தான் உருக்கினவர், நாங்கள் பக்கத்தில இருந்து பாத்து வளந்தனாங்கள்.

கடல்தங்கை | ஏப்ரல் 28, பிற்பகல் 2:52

தடை இல்லை எண்டது சரி, நான் சட்டம் எண்டு சொல்லேல்லை. லூர் கல்லில அடிபட்டு உடையும், பைக் கடிச்சும் உடையும், உடைஞ்சா உள்ளுக்கு இருந்தது வெளியில வந்திடும். முத்தத்தில காத்துப் போகும், கதவு பூட்டின கராஜுக்குள்ள போகாது. வேற சாமான் கையில இருக்கேக்க ஏன் ஈயம்?

கோவை_தூண்டில் | ஏப்ரல் 28, மாலை 4:20

தங்கச்சி சொல்றதுல நியாயம் இருக்குங்க. இங்க தண்ணிக் குழாய்க்கு போடுற சோல்டர் கம்பி ஈயம் இல்லாதது, பெரும்பாலும் தகரம்தான், எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும். ஈயத்தை விட கொஞ்சம் எடை குறைவு, அதனால ஓட்டையை ஒரு நூல் ஆழமா போட்டா போச்சு, உருக்கவே வேண்டாம், சுருட்டி திணிச்சா முடிஞ்சது. லிப்பையும் ஒரு தடவை பாருங்கன்னு மறுபடி சொல்றேன்! சிடி தட்டுல வெட்டினது பரவால்ல, அது பாலிகார்பனேட், நல்லா வளையும். சிடி வெச்சிருக்கிற பெட்டி மூடியில வெட்டியிருந்தா கல்லுல பட்ட உடனே தெறிச்சிரும்.

மீன்_வாத்தியார் | ஏப்ரல் 28, இரவு 8:05

முள்ளில்லாமல் எறிஞ்சது எண்டு முதல் பதிவிலயே எழுதியிருக்க வேணும், அரை நாள் மிச்சம் பிடிச்சிருக்கலாம். வள்ளம் சொன்னது சரி. ஆனா அத்திவாரத்தை விட்டிட்டியள். 9 செ.மீ. லூரில சின்ன ஸ்குரூ கண்ணைத் திருகி விட்டா பைக் ஒரு உதறலோட பிடுங்கிக்கொண்டு போயிடும், முள்ளு வாயில குத்தினபடி அந்த மீன் திரியும். மூக்கில இருந்து வால் வரைக்கும் ஒரே ஸ்டெயின்லெஸ் கம்பி உள்ளுக்குள்ள ஓட வேணும். உங்கடை எப்பிடி? கடை லூர் வேண்டாம் எண்ட பிடிவாதமும் எனக்கு விளங்கேல்லை. ஒரு தொழில்சாலை கோடிக்கணக்கில செய்து பழகினதை கராஜுக்குள்ள ஒரு விண்டரில பிடிக்கேலாது.

வலையும்_வள்ளமும் | ஏப்ரல் 28, இரவு 9:17

வாத்தியார், கம்பி விசயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனா கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். நீங்கள் வாங்கச் சொல்லுற ரபாலாவே வீட்டில செதுக்கினதுதான். பின்லாந்தில லவுரி ரபாலா எண்ட மீன்பிடிகாரர் 1936ல தக்கையைச் செதுக்கி, மேல சொக்லேட் சுத்தி வாற வெள்ளித் தாளை ஒட்டி, அதுக்கு மேல போட்டோ நெகட்டிவ்வை உருக்கிப் பூசினவர். கையில இருந்ததை வச்சுச் செய்தவர், தண்ணியில விட்டுப் பாத்துப் பாத்துத் திருத்தினவர். இந்தப் பொடியங்கள் செய்யிறதும் அதுதான்.

இன்னொண்டும் சொல்ல வேணும். ஆறு மாசம் ஐஸும் இருட்டும், அதுக்குள்ள நாலு பேர் ஒரு ஹீட்டரைச் சுத்தி இருந்து மரம் தேய்ச்சுக் கதைச்சு, ஏப்ரலில ஐஸ் உடைஞ்சு கோரைப்புல்லுக்குள்ள செந்தோள் கருங்குருவியள் கத்தத் தொடங்கேக்க தேத்தண்ணிப் போத்தலோட கரைக்குப் போறது எவ்வளவு பெரிய சந்தோசம் எண்டு செய்தவைக்குத்தான் தெரியும். எங்கட ஆக்கள் வேலை வீடு, வீடு வேலை எண்டு ஓடியோடியே காலம் போகுது. சொந்தக் கையால செதுக்கின கட்டையில மீன் வந்து அடிக்கேக்க தூண்டில் தடியில வாற அந்த இடி கடையில விக்கேலாது. முதல் மீன் ஆருக்கு எண்டு சண்டை பிடிக்கவும் ஆள் வேணும்.

புதுக்குடி_ரமேஷ் | ஏப்ரல் 29, காலை 10:11

நடுவில ஒரு கேள்வி, கோவிக்காதைங்கோ. எனக்கும் வர விருப்பம், லைசன்ஸ் இல்லை. உந்தச் சனிக்கிழமை லைசன்ஸ் இல்லாம பிடிக்கலாம் எண்டு ஆரோ சொன்னவை, உண்மையோ?

கடல்தங்கை | ஏப்ரல் 29, காலை 10:40

உண்மைதான். அன்னையர் தின வார இறுதியில கனடாவில வசிக்கிறவை ஒன்ராறியோவில லைசன்ஸ் இல்லாம பிடிக்கலாம், அரசாங்கம் குடுத்த, பேரும் பிறந்த திகதியும் உள்ள அடையாள அட்டை கையில இருக்க வேணும். எவ்வளவு மீன் வச்சிருக்கலாம் எண்ட கணக்கும் சீசனும் அப்பவும் பொருந்தும். பெரும்பாலான வருசம் பைக் திறக்கிறதும் அதே வார இறுதிதான், ஆனா போக முன்னம் திகதியைப் பாருங்கோ. பாஸ் மீன் ஜூனில தான் திறக்கும், அது தப்பி வந்து கொழுவினா உடன விட்டிடுங்கோ. ஆண் பாஸ் கூட்டில நிண்டு முட்டையைக் காவல் காக்கிற நேரம், அதைக் கொஞ்ச நேரம் எடுத்தாலும் மற்ற மீனுகள் வந்து முட்டையைத் திண்டிடும்.

ஸ்காபரோ_சுறா | ஏப்ரல் 29, காலை 11:05

அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, பிறகு வீட்டில பிரச்சினை வராது. பைக் ஊர் சீலா மாதிரி நீட்டு வாய், பல்லுக்குள்ள கை விட வேண்டாம், நீட்டுக் குறடு கட்டாயம். சமைக்கேக்க முதுகுப் பக்கத்தில ஒய் வடிவ முள்ளு வரிசையா கிடக்கும், அதை எடுத்துப்போட்டுப் பொரிச்சா நல்ல மீன். சேத்து மணம் எண்டு சொல்லுறவை தோலை உரிக்காமச் சமைச்சவை.

கோவை_தூண்டில் | ஏப்ரல் 29, பிற்பகல் 12:30

சேத்து வாசனை தண்ணிக்குத் தண்ணி மாறுங்க, தோலால மட்டும் இல்ல. அது தனி இழையே போடலாம்.

ஹொலண்ட்_ஆத்துப்_பொடியன் | மே 3, இரவு 10:22

வெட்டின முள்ளுத் தண்டு மாட்டி பாத்டப்பில விட்டுப் பாத்தம், பாதி லூர் தானா நிமிந்திட்டுது. மிச்சத்துக்கு ஈயமில்லாத சோல்டர் நடுவயித்தில இறக்கினாப் பிறகு சரி. லீடரும் மாத்தியாச்சு. கம்பி முதலே உள்ளால ஓடுது வாத்தியார் அண்ணை, ஒருத்தன் அப்பாட்டை கேட்டுச் செய்தவன். இப்ப ஒண்டே ஒண்டு மட்டும் நேரா நிக்குது ஆனா இழுக்க இடப்பக்கமா ஓடுது, அதுக்கு என்ன செய்யிறது?

மீன்_வாத்தியார் | மே 3, இரவு 10:50

மூக்கில நூல் கட்டுற கண்ணைக் குறட்டால வளைக்க வேணும். லூரை அது நீந்திப் போற திசையில பிடிச்சு, இடப்பக்கம் ஓடினா கண்ணை வலப்பக்கம் வளையுங்கோ. மயிரிழை அளவு. வளைச்சு எறிஞ்சு பாத்து, திரும்ப வளைச்சு எறிஞ்சு பாக்க வேணும், ஒரே தரம் கூட வளைச்சா மற்றப் பக்கம் ஓடும். ஆனா முதல்ல உதடு நேரா நிக்குதோ எண்டு முன்பக்கத்தில இருந்து பாருங்கோ, அது சரிஞ்சிருந்தா கண் வளைச்சு மாளாது. இதில கோவைத் தம்பி சொன்னது சரி.

உள்ளால ஓடுற கம்பி நல்ல வேலை. தண்ணி இன்னும் குளிர், மீன் ஓடிக் கலைச்சு வராது. காத்து மறைஞ்ச வடகரைக் குடாவில வெயில் விழுந்து முதல்ல சூடாகும், அங்க போன வருசத்துப் புல்லு கிடக்கிற இடமாப் பாத்து மெதுவா இழுத்து நிப்பாட்டி, மிதக்க விட்டுத் திரும்ப இழுங்கோ. மிதக்கிற மரத்தின்ர பலனே அந்த நிப்பாட்டில தான்.

கோவை_தூண்டில் | மே 3, இரவு 11:15

லிப்புன்னு அன்னைக்கே சொன்னேன் :)

வலையும்_வள்ளமும் | மே 12, காலை 8:00

தம்பி, என்ன மாதிரி? சனி போனனீங்களோ?

ஹொலண்ட்_ஆத்துப்_பொடியன் | மே 13, இரவு 9:37

போனனாங்கள். ஓடுது! பைக் வந்தது, முதல் மீன் எனக்கில்லை, பச்சைக் கோடு போட்ட லூரில தர்சன் பிடிச்சான், கரையில நாலு பேரும் கத்தின கத்தில பக்கத்தில நிண்ட ஆக்கள் ஓடி வந்து பாத்தவை. எல்லாருக்கும் கோடி நன்றி. பல்லுப் பட்டு எப்பொக்ஸி வெடிச்சுக் கிடக்கு, படம் பிறகு போடுறன்.

கடல்தங்கை | மே 13, இரவு 10:02

நல்ல சந்தோசம்! வெடிச்ச இடத்தால தண்ணி உள்ளுக்குப் போனா மரம் ஊதிப் பெயின்றெல்லாம் கழரும், அடுத்த முறைக்கு முன்னம் நல்லாக் காய வச்சு திரும்பப் பூசுங்கோ. நீங்கள் பூசினது 5 நிமிச எப்பொக்ஸியோ 30 நிமிச எப்பொக்ஸியோ?

புதுக்குடி_ரமேஷ் | மே 20, பிற்பகல் 3:44

தம்பி, படம்? பச்சைக் கோடு என்ன பெயின்ற் எண்டும் சொல்லுங்கோ, நானும் ஒரு சீடர் பலகை எடுத்து வச்சிருக்கிறன்.