செவ்வாயில் மனுசன் குடியேறணுமா? பென்னாகரத்தில் இருந்து ஒரு மறுப்பு

வால்வுக்காரர், பென்னாகரம்

போன வாரம் எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல அறிவியல் கூட்டம். வெளியூர்ப் பேச்சாளர் ஒருத்தர், "உங்கள்ல சில பேர் செவ்வாயில குடியிருப்பீங்க, உங்க பிள்ளைங்க அங்கதான் பொறக்கும்"னு சொன்னார். பிள்ளைங்க கைதட்டுச்சு. நான் தட்டல. ஏன்னு எழுதுறேன். மறுக்கிறவங்க தாராளமா மறுங்க.

நான் பஞ்சாயத்துத் தண்ணித்தொட்டி ஆபரேட்டர். இஸ்ரோ மேல மதிப்பு உள்ளவன். சந்திரயான்-3 இறங்கின 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் தொட்டி மேலயே உக்காந்து செல்போன்ல பார்த்தேன். ராக்கெட் வேண்டாம்னு சொல்ல வரல. மனுசன் அங்க போயி குடியிருக்கிறது வேண்டாம்னு சொல்றேன்.

நம்ம தருமபுரி மாவட்டத்துப் பாறையில இருக்கிற ஃப்ளோரைடு கரைஞ்சு கிணத்துக்கும் போர்வெல்லுக்கும் வருது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா ஆபத்துன்னு சொல்றாங்க. அதைத் தாண்டின தண்ணியத்தான் எங்க தலைமுறை குடிச்சு வளர்ந்தது. என்கூடப் படிச்சவங்கள்ல பல்லுல காவிக்கறை இல்லாதவங்கள எண்ணிடலாம். ஒருத்தனுக்கு முப்பத்தஞ்சு வயசுலயே முழங்கால் வளைஞ்சு, முதுகு நிமிராமப் போச்சு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல அடிக்கல், 2013ல திறப்பு. ஜப்பான் கடன் வாங்கி சுமார் 1,928 கோடியில செஞ்சது. காவிரி ஓடுறது எங்க கண்ணு முன்னாடி. அந்தத் தண்ணிய மேட்டுக்கு ஏத்திக் குழாய்ல கொண்டுவர அத்தனை காலம், அத்தனை பணம்.

மூச்சு விடக் காத்து இருக்கு, மழை இருக்கு, ஆறு இருக்கு. அப்படி இருக்கிற இடத்துலயே இந்தக் கதை. அது எதுவுமே இல்லாத இடத்துல ஊரு கட்டுறேன்னு சொல்றவங்க, தொட்டியில யாரு நிப்பாங்கன்னு ஒரு வரி சொன்னதே இல்ல.

ஓசூர் சிஎன்சி

அண்ணா, நீங்க சொன்ன கணக்கையே எடுத்துக்குறேன். சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. ஒகேனக்கல் திட்டம் அதுபோல மூணு மடங்கு. அப்ப தண்ணிக்குப் பணம் இல்லாமப் போனது ராக்கெட்டால இல்லையே? 2024-25ல விண்வெளித் துறைக்கு ஒதுக்கினது 13 ஆயிரம் கோடி சொச்சம். நாட்டோட மொத்த பட்ஜெட் 48 லட்சம் கோடி. நூறு ரூபாய்ல முப்பது காசு கூட வராது.

நான் ஓசூர்ல ஏரோஸ்பேஸ் பார்ட்ஸ் அடிக்கிற ஷாப்ல சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி உலோகத்தைச் செதுக்குற மெஷின் ஓட்டுறேன். டைட்டானியத்துல ஒரு பிராக்கெட், பத்து மைக்ரான் (மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு) மாறினா ரிஜெக்ட். எங்க அப்பா குவாரியில கல் உடைச்சவர். இந்த வேலை இந்த மாவட்டத்துக்கு வந்ததே பெருசா ஆசைப்பட்ட துறைங்களாலதான். மனுசனை அனுப்புறதுன்னு ஒரு இலக்கு இருந்தாத்தான் தரம் இந்த அளவுக்கு ஏறும். ஆள் ஏறாத ராக்கெட்டுக்கும் ஆள் ஏறுற ராக்கெட்டுக்கும் சோதனையில எவ்வளவு வித்தியாசம்னு நம்ம ஆளை விண்வெளிக்கு அனுப்பற ககன்யான் வேலையப் பார்த்தவங்களக் கேளுங்க.

வால்வுக்காரர், பென்னாகரம்

தம்பி, ராக்கெட்டுக்குப் போற பணத்தைப் பத்தி நான் பேசவே இல்ல. திரும்பப் படிங்க. கேள்வி பராமரிப்பு.

ஃப்ளோரைடு எடுக்கிற வழி ரொம்ப நாளாவே தெரியும். நாக்பூர் நீரி நிறுவனம் கண்டுபிடிச்ச நல்கொண்டா முறை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, தெளிய வச்சு, வடிகட்டணும். அவ்வளவுதான். அந்த மாதிரி ஒரு தொட்டிய நானே பார்த்திருக்கேன். வச்ச புதுசுல நல்லா ஓடுச்சு. அப்புறம் படிகாரம் வாங்கிப் போட ஆள் இல்ல, அடியில சேர்ற கசடை அள்ளிக் கொட்ட இடம் இல்ல. நின்னு போச்சு. அறிவு இருந்துச்சு, தினம் செய்யற கை இல்ல.

என் தொட்டியில ஒரு கேட் வால்வு இருக்கு. ஸ்பிண்டில்ங்கிற திருகு தண்டு சுத்துற இடத்துல, கசியாம அடைக்கிற கிளாண்ட் கயிறு தேஞ்சா சொட்டுச் சொட்டா ஒழுகும். கயிறு முப்பது ரூபா சாமான். கடை எட்டு கிலோமீட்டர். செவ்வாய்க்கு 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் தோதா வழி திறக்கும், போய்ச் சேர ஏழெட்டு மாசம். அங்க கயிறு தேஞ்சா?

அரூர் கெமிஸ்ட்ரி டீச்சர்

ஐயா சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. வேதியியலில் இருந்து பேசுகிறேன்.

2008இல் நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்புகளைக் கண்டது. மண்ணின் எடையில் ஏறக்குறைய அரை சதவீதம். தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கிற பொருள் அது. ஆக அங்கும் நம் ஊர்க் கதைதான்: காலடி மண்ணே உடம்புக்கு ஆகாது. ஆனால் பெர்குளோரேட் தண்ணீரில் நன்றாகக் கரையும், கழுவி எடுக்கலாம். அதைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சிதைந்தால் ஆக்சிஜன் கிடைக்கும். தீங்கானதையே மூலப்பொருளாக மாற்றக் கற்பதுதான் என் பாடம், அதைத்தான் மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மூச்சு, வியர்வை, சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துத் தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்க முடிந்ததாக 2023இல் நாசா அறிவித்தது. கோடையில் அரூர் பக்கம் ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதைப் பார்த்தவள் நான். அந்த எண் எனக்கு வெறும் எண் அல்ல. நெருக்கடியில்தான் இப்படிப்பட்ட கருவிகள் பிறக்கின்றன. பூமியிலேயே உட்கார்ந்திருந்தால் சிறுநீரை வடிகட்ட யாரும் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

சிங்காரப்பேட்டை வானம்

நான் வானம் பார்ப்பவன். ஜவ்வாது மலையில் காவலூர் வைனு பாப்பு ஆய்வகம் எங்களுக்குப் பக்கம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இருந்து அங்கே இருக்கிறது, இந்தியாவிலேயே செய்தது. அதற்கும் முன்பே, 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்ட அந்த இரவில் காவலூரிலும் பார்த்துப் பதிவு செய்தார்கள். 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். இதற்கெல்லாம் யாரும் எங்கும் போய்க் குடியேறவில்லை.

டீச்சர் 98 சதவீதம் என்கிறார்கள். அந்த நிலையம் பூமியில் இருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சரக்குக் கலம் போய்க்கொண்டே இருக்கிறது. உண்மையில் மூடிய வீட்டுக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமென்றால் அரிசோனாவின் பயோஸ்பியர் 2ஐப் பாருங்கள். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். கண்ணாடிக் கூரைக்குள் காடு, வயல், குட்டிக் கடல் எல்லாம். ஆக்சிஜன் 20.9 சதவீதத்தில் இருந்து மெல்ல இறங்கி 14 சதவீதம் வரை வந்துவிட்டது. நாலாயிரம் மீட்டர் மலை உச்சியில் மூச்சு விடுவதற்குச் சமம். வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விட்டன, அதைச் செடி திருப்பித் தருவதற்குள் சுவரின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. வெளியே இருந்து ஆக்சிஜன் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். கதவுக்கு வெளியே பூமி இருந்தது. செவ்வாயில் கதவுக்கு வெளியே பூமியின் காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை.

ஓசூர் சிஎன்சி

சார், பயோஸ்பியர் 2 தோத்ததா நீங்க சொல்றீங்க. கான்கிரீட் கார்பன் டை ஆக்சைடு குடிக்கும்னு அதுலதானே தெரிஞ்சுது? எங்க ஷாப்ல முதல் பீஸ் ரிஜெக்ட் ஆனா மெஷினை மூட மாட்டோம், ஆஃப்செட்ட, அதாவது வெட்டுற அளவுத் திருத்தத்த மாத்துவோம். 30 வருஷமா அதே அளவுக்கு இன்னொன்னு கட்டாம விட்டதுதான் தப்பு.

ஆக்சிஜன் பத்தியும் சொல்றேன். செவ்வாய்க்குப் போன நாசாவோட பெர்சிவரன்ஸ் ரோவர்ல மாக்ஸின்னு ஒரு பெட்டி போச்சு. செவ்வாய்க் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடுல இருந்து ஆக்சிஜன் பிரிச்சுது. 2021ல இருந்து 2023 வரைக்கும் 16 தடவை ஓட்டி 122 கிராம்.

சிங்காரப்பேட்டை வானம்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 840 கிராம். 122 கிராம் மூன்றரை மணி நேர மூச்சு.

ஓசூர் சிஎன்சி

முதல் பெட்டி சார் அது. வேற கிரகத்துல மனுசன் செஞ்ச முதல் ஆக்சிஜன். அதை மணிக்கணக்குல அளக்காதீங்க.

பாலக்கோடு தக்காளி

நடுவுல ஒரு வார்த்தை. செயற்கைக்கோள் இல்லாம என் விவசாயம் இல்ல. மழை வருதா இல்லையான்னு பார்த்துத்தான் பறிப்பு வைக்கிறேன். நிலத்தடித் தண்ணி எங்க இருக்கும்னு செயற்கைக்கோள் படத்தை வச்சு மேப் போட்டிருக்காங்க, போர் போடறதுக்கு முந்தி அதைப் பார்த்தேன். வானத்துக்குப் போற பணம் திரும்பி வந்த இடம் இதுதான். இதுல எதுவும் ஆள் ஏறிப் போனது இல்ல. ஆள் அனுப்பினா தக்காளிக்கு என்ன கிடைக்கும்னு ஓசூர்த் தம்பி சொல்லட்டும்.

ஓசூர் சிஎன்சி

அண்ணா, நேரடியா இன்னைக்கு ஒண்ணும் கிடைக்காது. அதை மறைக்கல. 2025ல நம்ம விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா நிலையத்துக்குப் போனப்ப வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்க வச்சுப் பார்த்தாங்க. மண்ணும் வெயிலும் கம்மியா இருந்தா பயிர் எப்படி நடந்துக்கும்னு தெரியறது உங்களுக்கு உதவாதுன்னு எப்படிச் சொல்வீங்க?

அதை விடுங்க. எனக்கு முக்கியம் வேற. 2013 பிப்ரவரி 15ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் மேல சுமார் 20 மீட்டர் கல்லு வெடிச்சுது, 1,500 பேர் காயம். சூரியன் பக்கமா இருந்து வந்ததால ஒருத்தருக்கும் முன்கூட்டித் தெரியல. ஒரே கிரகத்துல மொத்த இனமும் இருக்கிறது பத்திரம் இல்ல. எத்தனை நூறு வருஷம் ஆனாலும் இன்னொரு இடம் வேணும். இதை நான் மனசார நம்புறேன்.

சிங்காரப்பேட்டை வானம்

கல்லைத் தடுக்கக் கல்லைத்தான் தள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதியது. பெரிய கல் ஒன்றை அது சுற்றிவர எடுத்த 11 மணி 55 நிமிடம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. ஆளில்லாக் கலம். எண்ணூறு கோடிப் பேரைக் காப்பாற்றும் வழி அது. செவ்வாய்க்கு ஆயிரம் பேரை அனுப்புவது அந்த ஆயிரம் பேரைக் காப்பாற்றும் வழி, அதுவும் நிச்சயமில்லை.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. செவ்வாயில் உயிர் இருந்ததா என்பது இன்னும் திறந்த கேள்வி. 2024இல் பெர்சிவரன்ஸ் பார்த்த ஒரு பாறையின் புள்ளிகள் பழைய நுண்ணுயிரின் தடமாக இருக்கலாம் என்று பேசுகிறார்கள், உறுதி இல்லை. ரோவரைச் சுடவைத்தும் துடைத்தும் அனுப்பலாம். மனித உடம்பைச் சுடவைக்க முடியாது. நம் குடலில் இருப்பது அங்கே கலந்துவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவே கிடைக்காது.

அரூர் கெமிஸ்ட்ரி டீச்சர்

இது வலுவான வாதம், சார். அதனால்தான் நிலவு முதலில் என்கிறேன். அங்கே கெடுக்க உயிர் இல்லை. நம் பகுதிக்கு அதில் நேரடிப் பங்கும் உண்டு: நாமக்கல் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தசைட் என்ற, நிலவுப் பாறையைப் போன்ற பாறையை அரைத்துத்தான் நிலவு மண்ணின் மாதிரியை இஸ்ரோ செய்தது. லேண்டரையும் ரோவரையும் அந்த மண்ணில் சோதித்தார்கள், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் உதவினார்கள். நிலவு மூன்று நாள் தூரம். ஐயா கேட்ட கிளாண்ட் கயிறு அங்கே போய்ச் சேரும்.

ஓசூர் சிஎன்சி

அண்டார்டிகா மாதிரி ஆரம்பிக்கலாம் அண்ணா. நம்ம மைத்ரி நிலையம் 1989ல இருந்து இருக்கு, பாரதி நிலையம் 2012ல வந்தது. போறாங்க, குளிர்காலம் முழுக்க இருக்காங்க, திரும்பி வர்றாங்க. செவ்வாயிலயும் முதல்ல அப்படி ஒரு நிலையம். கயிறை அங்கேயே செய்ய ஒரு சின்ன ஷாப், அதுல என்னை மாதிரி ஒருத்தன். கூப்பிட்டா நான் போவேன்.

வால்வுக்காரர், பென்னாகரம்

நீங்க போறது உங்க இஷ்டம் தம்பி. வளர்ந்த ஆள், தெரிஞ்சு போறீங்க. க்யூரியாசிட்டி ரோவர் அளந்ததுல செவ்வாய்த் தரையில ஒரு நாளைக்குச் சுமார் 0.64 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. பூமியில சராசரியா வருசத்துக்கே 2.4. நாலே நாள்ல ஒரு வருசக் கணக்கு முடிஞ்சிடும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க கையெழுத்துப் போடலாம். நிலவுல நிலையம், ஆளு மாறி மாறிப் போறது, அதையும் நான் எதிர்க்கல.

அந்தக் கூட்டத்துல சொன்னது அது இல்ல. பிள்ளைங்க அங்க பொறக்கும்னு சொன்னாங்க. எனக்கு உறுத்துறது அந்த இடம்தான். விண்வெளியில இருக்கிறவங்களுக்கு இடுப்பெலும்பு மாசத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல தேயுதுன்னு படிச்சேன். செவ்வாயில ஈர்ப்பு இங்க இருக்கிறதுல 38 சதவீதம். அதுல ஒரு குழந்தையோட எலும்பு எப்படி வளரும்? யாராவது சொல்லுங்க.

சிங்காரப்பேட்டை வானம்

யாராலும் சொல்ல முடியாது, ஐயா. நிலையத்தில் ஜப்பானின் கிபோ ஆய்வகத்தில் எலிகளைச் சுழல்பெட்டியில் வைத்து நிலவின் ஈர்ப்பை உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். தசையின் அளவு குறையவில்லை, ஆனால் தசை இழையின் வகை மாறியது. அவையும் வளர்ந்த எலிகள். கருவில் இருந்து வளர்ந்த ஒரு பாலூட்டியைக்கூட அந்த ஈர்ப்பில் யாரும் பார்த்ததில்லை.

ஓசூர் சிஎன்சி

அப்ப அந்தச் சோதனையைச் செய்யணும். பெரிய சுழல்பெட்டியா கட்டி, 38 சதவீதத்துல எலி குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போடற வரைக்கும். அதைக் கட்டவும் ஆள் மேல போகணும், சார். நீங்க ரெண்டு பேரும் வேண்டாங்கிற வேலையில இருந்துதான் உங்க கேள்விக்கே பதில் வரும்.

வால்வுக்காரர், பென்னாகரம்

கட்டுங்க. எலியில ரெண்டு தலைமுறை பார்த்துட்டு, அப்புறம் பேச வாங்க. அதுவரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைங்ககிட்ட "உங்க குழந்தை அங்க பொறக்கும்"னு சொல்லாதீங்க. என் வகுப்புத் தோழன் முழங்கால் வளைஞ்சது அவன் கேட்டு வந்தது இல்ல. அவங்க அப்பா அம்மா குடியிருந்த மண்ணு அப்படி, அவன் அதுல பொறந்தான். அவங்களுக்காவது ஃப்ளோரைடுன்னா என்னன்னு தெரியாது. நமக்குத் தெரியும்.